புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் வயிற்று அவசரம்: ஸ்கேன் அறைக்கு எதைக் கொண்டுவர வேண்டும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் பெரும்பாலும் மருந்தை ஓர் ஊரில் ஏற்றிக்கொண்டு, அதன் விளைவை வேறோர் ஊரில் அனுபவிக்கிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ சென்னை அடையாறிலோ கீமோ ஏறுகிறது. ஓரிரு நாளில் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ நள்ளிரவில் வயிற்று வலியும் காய்ச்சலும் வரும்போது அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வது பக்கத்திலுள்ள மருத்துவமனைக்குத்தான். அங்குள்ள பணி மருத்துவர் அவரை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். ஸ்கேன் படத்தைப் படித்து அறிக்கை எழுதும் என்னைப் போன்ற கதிரியக்க மருத்துவருக்கு அதைவிடவும் குறைவாகவே தெரியும், ஏனென்றால் என் மேசைக்கு வந்து சேர்வது "வயிற்று வலி" என்ற இரண்டு சொற்கள் எழுதிய ஒரு சீட்டு மட்டுமே.

அப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சியை விடியற்காலையில் அழைத்து வந்தார்கள். வலப்பக்க அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் இருந்தன. சி.டி. படத்தில் பெருங்குடலின் தொடக்கப் பகுதி தடித்து, சுற்றியிருந்த கொழுப்பு கலங்கித் தெரிந்தது. குடல்வால் அழற்சி முற்றிய நிலை என்று முதல் அறிக்கையில் எழுதினேன், அறுவைக்கு ஆயத்தமும் தொடங்கிவிட்டது. உடன் வந்த பேரனிடம் வேறு ஏதோ கேட்கப் போன இடத்தில்தான் பதினொரு நாளுக்கு முன் ஆச்சிக்கு நெறிக்கட்டிப் புற்றுநோய்க்காக ஊசி ஏறியது என்பது தெரிய வந்தது. "ஆஸ்பத்திரி பேரு தெரியுங்க, மருந்து பேரு தெரியாது" என்றார். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் மிகவும் தாழ்ந்திருந்தன. அது குடல்வாலே இல்லை. கீமோவால் எதிர்ப்பாற்றல் இழந்த குடலில் கிருமி புகுந்த அழற்சி. அந்த நிலையில் தேவையில்லாமல் வயிற்றைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை இன்றும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. மருந்தின் பெயரும் நாளின் எண்ணும் தெரியாமல் படித்த படம் பாதி படித்த படம்தான் என்பதை அன்றைக்குக் கற்றேன்.

முகப்பில் வைக்க வேண்டிய ஒரு தாள்

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் பல நேரம் வயதான இருவர் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சிகிச்சை ஃபைல் மகள் வீட்டு அலமாரியிலோ, இரண்டாங்கட்டில் ஏதோ ஒரு பெட்டிக்குள்ளோ இருக்கும். அவசரத்தில் அது கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை மருந்து ஏறி வீடு திரும்பியதும் ஒரே ஒரு தாளில் சில செய்திகளை எழுதி, முகப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, அதைக் கைபேசியில் படமெடுத்து வெளியூரில் இருப்பவர்களுக்கும் அனுப்பிவிட வேண்டும்.

எந்த உறுப்பில் புற்றுநோய், ஏறிய மருந்துகளின் பெயர் என்ன, கடைசியாக ஏறிய தேதி எது என்பவை முதலில் வர வேண்டும். மருந்தின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். "கீமோ" என்று மட்டும் எழுதினால் பயனில்லை, ஏனென்றால் ஒவ்வொரு மருந்தும் குடலை ஒவ்வொரு விதமாகத் தாக்குகிறது. கதிர் சிகிச்சை பெற்றிருந்தால், அதாவது மக்கள் வழக்கில் சொல்வதுபோல் "கரண்டு வைத்திருந்தால்", உடம்பின் எந்தப் பகுதிக்கு, எந்த ஆண்டு, எத்தனை நாள் என்பதும் வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் கருப்பை வாய்க்கு வைத்த கரண்டை யாரும் நினைவாகச் சொல்வதில்லை, ஆனால் இன்றைய குடல் அடைப்புக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். கடைசி ரத்தப் பரிசோதனையின் வெள்ளை அணு எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் க்ரியேட்டினின் அளவு, வயிற்றில் முன்பு நடந்த அறுவைகள், ஸ்டீராய்டு மாத்திரை, மார்ஃபின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், முன்பு ஸ்கேன் ஊசியால் ஒவ்வாமை வந்ததா என்பது, மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுத் தோலுக்கடியில் போர்ட் என்னும் சிறு கருவி பொருத்தியிருந்தால் அதன் அட்டை ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும்.

கிளம்ப வேண்டிய நேரமும், கிளம்பும் முன் தவிர்க்க வேண்டியவையும்

கீமோ ஏறிய பின் ஏறத்தாழ ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் ஒருமுறை 101 டிகிரியைத் தொட்டாலும், 100.4 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலும் அதுவே அவசரம். அதோடு வயிற்று வலியும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமலே வயிறு உப்பி, வாயு பிரியாமல், வாந்தி நிற்காமல் இருந்தாலும், மலம் கறுத்தோ ரத்தமாகவோ போனாலும், திடீரென்று கத்தியால் குத்தியதுபோல் வலி தொடங்கினாலும் அப்படியே.

ஸ்டீராய்டு எடுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெதசோனும் ஒரு ஸ்டீராய்டுதான். குடலில் ஓட்டை விழுந்தாலும் வயிறு பலகைபோல் இறுகும் அந்தப் பழக்கமான அடையாளத்தை அது மறைத்துவிடும். வெள்ளை அணுக்கள் குறைந்திருப்போரிடமும் இதே நிலைதான். அழுத்திப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கிறதே என்று வீட்டாரும் ஏமாறலாம், மருத்துவரும் ஏமாறலாம். இத்தகைய நோயாளிக்குப் படம் எடுக்கும் முடிவு வயிற்றின் இறுக்கத்தைப் பொறுத்து அமையக் கூடாது.

வீட்டிலேயே வயிற்றைச் "சுத்தம்" செய்ய முனைய வேண்டாம். அடைபட்ட குடலுக்கு விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்தால் அழுத்தம் கூடி ஓட்டை விழக்கூடும். வெள்ளை அணு குறைந்த நாட்களில் எனிமாவும், ஆசனவாயில் வைக்கும் மருந்தும், அவ்வழியே வெப்பநிலை பார்ப்பதும் கிருமியை ரத்தத்துக்குள் அழைத்துச் செல்லும் வாசலாகிவிடும். வயிற்றுப்போக்கை நிறுத்த லோபரமைடு கொடுக்கும்படி புற்றுநோய் மருத்துவர் சொல்லியிருக்கலாம், ஆனால் காய்ச்சலும் வலியும் சேர்ந்துவிட்டால் அதை மேற்கொண்டு கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எங்கே போவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிவகங்கையில் 2012 முதலும் புதுக்கோட்டையில் 2017 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குவதால், ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் சி.டி.யும் அறுவை மருத்துவரும் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கி, கை கால் சில்லிட்டு இருப்பவரை நேராக மதுரைக்கு ஓட்டிச் செல்வதைவிட, 108 ஊர்தியை அழைத்து அருகிலுள்ள மருத்துவமனையில் சலைன், ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிட்டு அனுப்புவதே பாதுகாப்பு. வெள்ளை அணு குறைந்து காய்ச்சலோடு வருபவருக்கு முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஸ்கேன் முடியட்டும் என்று அதை நிறுத்தி வைப்பது பெரும்பிழை.

எந்தப் படம், எந்த வரிசையில்

முதலில் எக்ஸ்-ரே. அது எளிது, விரைவானது, எந்தச் சிறிய மருத்துவமனையிலும் கிடைப்பது. ஆனால் சரியாக எடுத்தால்தான் பயன். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்தோ நிற்க வைத்தோ ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே இருக்கவிட்டு அதன் பின் நெஞ்சுப் படம் எடுத்தால், குடல் ஓட்டை வழியே கசிந்த காற்று மேலேறி உதரவிதானத்துக்குக் கீழே கறுப்புப் பிறையாகத் தெரியும். உட்கார முடியாதவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, கதிர் கிடைமட்டமாகச் செல்லும்படி எடுக்கலாம், அப்போது காற்று கல்லீரலுக்கு மேலே சேரும். வயிற்றுப் படத்தில் சிறுகுடல் 3 சென்டிமீட்டருக்கு மேலும், பெருங்குடல் 6 சென்டிமீட்டருக்கு மேலும், அதன் தொடக்கப் பை 9 சென்டிமீட்டருக்கு மேலும் விரிந்திருந்தால் அடைப்போ, அடைப்பில்லாமலே குடல் அசைவு நின்றுபோகும் குடல் முடக்கமோ இருப்பதாகக் கொள்ள வேண்டும். எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்பதால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. சிறிய ஓட்டையும், குடல் சுவரின் வீக்கமும், ரத்தக் குழாய் அடைப்பும் அதில் தெரியாமல் போகலாம்.

அல்ட்ராசவுண்டைச் சிலர் இத்தகைய நோய்க்கு உதவாதது என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்குவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குப் படுக்கையருகிலேயே, கதிர் இல்லாமல், நாள்தோறும்கூடச் செய்ய முடிவது அதுதான். குடல் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பதை அதில் அளந்துவிடலாம், 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிலைமை கடுமை என்று பொருள். ஆனால் வயிறு காற்றால் உப்பியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. அந்தக் கட்டத்தில் நேரத்தைக் கடத்தாமல் சி.டி.க்குப் போய்விட வேண்டும்.

பெரியவர்களின் வயிற்று அவசரத்தில் முடிவு சொல்வது சி.டி.தான். குடிக்கக் கொடுக்கும் வெண்மையான மருந்துக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கும் பழைய முறை இப்போது தேவையில்லை. வாந்தி எடுப்பவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம், குடலுக்குள் கசியும் ரத்தத்தையும் அது மறைத்துவிடும். பேரியம் கொடுக்கவே கூடாது, ஓட்டை வழியே அது வயிற்றறைக்குள் கசிந்தால் விளைவு கொடியது. ரத்தக் குழாய்களையும் குடல் சுவரையும் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசியை நரம்பில் போட்டு ஏறத்தாழ 70 நொடிக்குப் பின் எடுக்கும் ஒரே சுற்றுப் படம் பெரும்பாலானோருக்குப் போதும். ரத்தப்போக்கோ, குடலுக்கு ரத்தம் செல்லாத நிலையோ சந்தேகமானால் மட்டும் ஊசிக்கு முன்பும், தமனியில் மருந்து ஓடும்போதும், பின்னர் சிரையில் ஓடும்போதும் என மூன்று சுற்று வேண்டும். ஆகவே எதைத் தேடுகிறோம் என்பதைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். படம் எடுத்து முடிந்த பின் தமனிச் சுற்றைத் திரும்பப் பெற முடியாது.

கான்ட்ராஸ்ட் ஊசியைப் பற்றிய அச்சம் நம் மக்களிடம் அதிகம், அதிலும் கிட்னி கெட்டுவிடும் என்ற அச்சம். சிறுநீரக வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) 30க்குக் கீழே இருப்போரிடம் எச்சரிக்கை தேவை என்பது உண்மை, சிஸ்பிளாட்டின் ஏறியவர்களில் சிலர் அந்த நிலையில் இருப்பதும் உண்மை. ஆனால் குடல் அழுகுகிறதா என்ற கேள்வி முன்னால் நிற்கும்போது க்ரியேட்டினின் முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது தவறு. மருத்துவர் இரண்டு ஆபத்துகளையும் எடைபோட்டு, வீட்டாரிடம் விளக்கி, ஊசி போட்டோ போடாமலோ எடுக்கலாம். ஊசி இல்லாத படத்திலும் கசிந்த காற்றும் அடைப்பும் சுவர்த் தடிப்பும் தெரியும், சுவருக்கு ரத்தம் ஓடுகிறதா என்பது மட்டும் தெரியாது. ஊசி ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவுவதும் வாயில் உலோகச் சுவை தோன்றுவதும் இயல்பு, அது ஒவ்வாமை ஆகாது. மீன் ஒவ்வாமை இருப்பதால் இந்த ஊசி ஆகாது என்பதும் தவறான எண்ணம். மெட்ஃபார்மின் எடுப்பவர் அதைச் சொல்லிவிட்டால் போதும், நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நெஞ்சுப் போர்ட் வழியாக ஊசி போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அதிக அழுத்தத்தைத் தாங்கும் வகை என்று அதன் அட்டையில் இருந்தால் மட்டுமே இயந்திரத்தால் அதில் செலுத்தலாம், சாதாரணப் போர்ட் பிய்ந்துவிடக்கூடும்.

மருந்தின் பெயரைக் கொண்டு படத்தைப் படித்தல்

இப்பகுதி பணி மருத்துவர்களையும் ஸ்கேன் அறையில் உள்ளோரையும் நோக்கி எழுதப்பட்டாலும், வீட்டார் படித்தால் அந்த ஒரு தாளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது விளங்கும்.

கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை 500க்குக் கீழே போயிருந்து, பெருங்குடலின் தொடக்கப் பையும் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் ஏறுகுடலும் தடித்திருந்தால், முதலில் நினைக்க வேண்டியது மேலே சொன்ன ஆச்சிக்கு வந்த நோயைத்தான். ரத்தப் புற்றுநோய்க்கான சைட்டரபின், மார்பகத்துக்கும் நுரையீரலுக்கும் தரும் டாக்சேன் வகை மருந்துகள் ஆகியவற்றுக்குப் பின் இது வருவதுண்டு. குடலுக்கு ஓய்வு, ஆன்டிபயாட்டிக், வெள்ளை அணுவைத் தூண்டும் ஊசி ஆகியவற்றாலேயே பலர் குணமடைகிறார்கள். ஓட்டை, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவைதாம் கத்தியை எடுக்க வைக்கும் காரணங்கள். அதனால் அறிக்கையில் சுவரின் தடிப்பு எவ்வளவு, சுவருக்குள் காற்று உண்டா, வெளியே காற்று உண்டா என்ற மூன்றையும் இல்லை என்றால் இல்லை என்றே வெளிப்படையாக எழுத வேண்டும். இந்நோயாளிக்குக் கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, வேண்டாம் என்பதையும் நான் சேர்த்து எழுதுவது வழக்கம்.

இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகளின் கதை வேறு. அவை தூண்டிவிடும் எதிர்ப்பாற்றல் சொந்தக் குடலையே தாக்குகிறது. தொடங்கிய சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை, சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் வரலாம். பெருங்குடல் முழுவதும் நீர் நிறைந்து, சுவர் லேசாகத் தடித்து, குடலைத் தாங்கும் சவ்வின் ரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும். படத்தில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். நாளுக்கு ஆறேழு முறை வயிற்றுப்போக்கு இருக்கும்போது சி.டி. சரியாக இருக்கிறது என்பதை வைத்து இந்நோயை மறுக்க முடியாது. இதற்குச் சிகிச்சை ஸ்டீராய்டு, முந்தைய நோய்க்கு ஆன்டிபயாட்டிக். மருந்தின் பெயர் மாறினால் சிகிச்சையே திசை மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெவாசிசுமாப் என்ற பெயரைத் தாளில் பார்த்தால் ஓட்டையைத் தேடியே தீர வேண்டும். புதிய ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் அந்த மருந்து குடல் சுவரின் ஆறும் தன்மையையும் குறைத்துவிடுகிறது. வயிற்றுப் படத்தை நுரையீரலுக்கான ஒளி அமைப்பில் மாற்றிப் பார்த்தால், கொழுப்பின் நிறத்தில் ஒளிந்திருக்கும் சிறு காற்றுக் குமிழ்கள் பளிச்சென்று தெரியும். இதைச் செய்ய அரை நிமிடம் போதும், ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யலாம்.

குடல் சுவருக்குள் வரிவரியாகக் காற்று தெரிந்தால் பார்ப்பவர் பதறுவது இயல்பு. சுனிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரிடமும் ஸ்டீராய்டு எடுப்போரிடமும் இது எந்தத் தொல்லையும் இல்லாமல் தற்செயலாகக் காணப்படுவதுண்டு. நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசுகிறாரா, வலி உண்டா, திசுவுக்கு ரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா, சுவருக்கு ரத்தம் ஓடுகிறதா, கல்லீரலின் சிரைக்குள் காற்று போயிருக்கிறதா என்பதைச் சேர்த்துப் பார்த்த பின்தான் அறுவை மருத்துவரை எழுப்புவதா, மாத்திரையை நிறுத்திக் கவனிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சிஸ்பிளாட்டின் பெற்றவருக்குத் தாங்க முடியாத வலி இருந்து, வயிறு மட்டும் மெத்தென்று இருந்தால் குடல் தமனியிலும் சிரையிலும் ரத்தக் கட்டியைத் தேடுங்கள்.

வின்கிரிஸ்டின் குடலின் நரம்புகளை மந்தமாக்கும். அந்த மருந்து பெறும் குழந்தைக்குப் பூஞ்சைக் கிருமிக்காக வோரிகொனசோல் போன்றதும் சேர்த்துக் கொடுத்திருந்தால் விளைவு கடுமையாகும். குடல் முழுவதும் விரிந்திருக்கும், ஆனால் எந்த இடத்திலும் திடீரென்று குறுகாது. அடைப்புக்கும் முடக்கத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். மார்ஃபின் எடுப்போரிடமும் இதே தோற்றம் வரும்.

கரண்டு வைத்தவர்களின் குடல் பற்றி நம் பகுதியில் கூடுதலாகக் கவனம் வேண்டும், ஏனென்றால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக இடுப்புப் பகுதியில் கதிர் பெற்ற தாய்மார்கள் இங்கே பலர். சிகிச்சையின்போதும் அடுத்த சில வாரங்களிலும் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானே அடங்கும். ஆறு மாதம் கழிந்த பின்னும், பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வருவதுதான் தொல்லை. இடுப்புக்குள் படிந்திருக்கும் சிறுகுடல் வளைவுகள் தழும்பேறிச் சுருங்கி அடைபடும். மலக்குடலுக்கும் பெண்ணுறுப்புக்கும், அல்லது சிறுநீர்ப்பைக்கும் இடையே புழை விழும். சிறுநீர்ப்பைக்குள் காற்று தெரிந்தால், குழாய் ஏதும் போடாத நிலையில், புழையை நினைக்க வேண்டும். தழும்பா, நோய் திரும்பியதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் பிரித்தறிய முடியும். வெட்கப்பட்டு இந்த அறிகுறிகளைத் தாய்மார்கள் சொல்லாமல் இருந்துவிடுவதால், செவிலியர் ஒருவர் தனியே அழைத்துக் கேட்பது படத்துக்கு நிகரான பயன் தரும்.

அறிக்கை கைக்கு வந்த பின்

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். படம் முழுவதையும் குறுந்தகட்டிலோ இணைய இணைப்பாகவோ கேட்டுப் பெறுங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் இடத்தில் அதைத் திறந்து பார்த்தால் மீண்டும் ஊசி போட்டு எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. வாய்மொழியாகச் சொன்ன முடிவையும் நேரத்தையும் சீட்டின் பின்புறம் எழுதி வாங்குங்கள். முதல் படத்தில் ஓட்டை இல்லையென்றாலும், வலி கூடினால் மறுநாளே மீண்டும் எடுக்க நேரலாம், அதற்காக முதல் படம் வீண் என்று எண்ண வேண்டாம். வயிறு அடங்கி வீடு திரும்பியதும் அறிக்கையின் நகலைப் புற்றுநோய் மருத்துவருக்கு அனுப்பி, அடுத்த முறை மருந்து ஏற்றும் தேதியை அவர் உறுதி செய்த பிறகே பயணத்துக்கு டிக்கெட் எடுங்கள். முகப்பில் இருக்கும் தாளில், இந்த மருந்துக்குப் பின் இந்த நாளில் குடலில் இது வந்தது என்ற ஒரு வரியையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.